பழைய ஜீப் வண்டியும் வீட்டுப் பட்டறையும்

நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய ஜீப் வண்டிகளும், பின்புறம் திறந்த சரக்குத் தட்டு அமைந்த அவ்வகைப் பிக்கப் வண்டிகளும் நம் சங்கத்தைச் சார்ந்த குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் உழைத்து வருகின்றன. நூல் சிப்பங்களை ஏற்றி வரவும், நெய்த துணிக் கட்டுகளைச் சேர்ப்பிக்கவும், பூவையும் காய்கறியையும் விடியுமுன் கோயம்பேட்டுச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரிக்கரைச் சேற்றைக் கடந்து விதையும் எருவும் எடுத்துப் போகவும் இவ்வண்டிகள் பயன்படுகின்றன. இவற்றின் வயது முப்பதும் நாற்பதும் ஆகிவிட்டது. பட்டறைக் கூலியோ ஆண்டுதோறும் ஏறுகிறது. ஆதலின், வண்டியை வீட்டிலேயே பிரித்துச் செப்பனிடலாமா, விரும்பியவாறு மாற்றியமைக்கலாமா என்னும் கேள்விகள் இயல்பாகவே எழுகின்றன.

இவற்றிற்கு நாம் கூறும் விடை சுருக்கமானது. செப்பனிடலாம், ஆனால் வரிசை தவறாமல் செப்பனிட வேண்டும். மாற்றியமைப்பதோ வேறு காரியம்; கேட்டு, அனுமதி பெற்ற பின்னரே அதில் கை வைக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்வதனால்தான் பணமும் வீணாகிறது. உயிருக்கும் ஆபத்து நேர்கிறது. இதனைச் சிறிது விரிவாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆவடி கற்பிக்கும் பாடம்

வண்டிகளைப் பற்றிப் பேச ஆவடியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் வேறில்லை. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை இங்கே கூடிச் சோஷலிஸ பாணிச் சமுதாயத் தீர்மானத்தை நிறைவேற்றியதைப் பெரியோர் நினைவுகூர்வர். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 1961-ல், கனரக வாகனத் தொழிற்சாலை இங்கே நிறுவப்பட்டது. 1965-ல் விஜயந்தா டாங்கி இங்கிருந்து வெளிவந்தது. பின்னர் அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் ஆகிய டாங்கிகளும் இங்கே உருவாயின. போர் வாகன ஆராய்ச்சி நிலையமும், 1987-ல் ஏற்பட்ட எஞ்சின் தொழிற்சாலையும் இவ்வூரிலேயே உள்ளன. 2021 அக்டோபர் முதல் தொழிற்சாலைகள் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் வந்துள்ளன; அதன் தலைமையகமும் ஆவடியே.

இத்தொழிற்சாலையில் புதிய டாங்கிகள் செய்வதோடு, உழைத்துக் களைத்த டாங்கிகளைப் புதுப்பிக்கும் வேலையும் நடைபெறுகிறது. அத்தகைய புதுப்பித்தலுக்கு உரிய முறை உலகெங்கும் ஒன்றே: முதலில் பிரித்தல், பின் கழுவுதல், பின் ஒவ்வோர் உறுப்பையும் அளந்து பார்த்தல், தேய்ந்ததை மட்டும் மாற்றுதல், மீண்டும் பூட்டுதல், இறுதியில் ஓட்டிச் சோதித்தல். ஆறு படிகள். இவற்றுள் ஒன்றையும் தாண்டுவதில்லை. ஐம்பது டன்னை நெருங்கும் டாங்கிக்குப் பொருந்தும் இம்முறை ஒரு டன் ஜீப்புக்கும் பொருந்தும். வீட்டு முற்றத்தில் வேலை செய்வோர் பெரும்பாலும் விட்டுவிடும் படி மூன்றாவதே. அளந்து பாராமல், ஊகத்தால் ஒன்றன்பின் ஒன்றாக உறுப்புகளை வாங்கி மாட்டிக் கொண்டே போவர். பை காலியாகும்; குறை மட்டும் அப்படியே இருக்கும்.

வண்டி பிறந்த கதை

ஜீப் வண்டி இரண்டாம் உலகப் போருக்காகப் பிறந்தது. 1941 முதல் அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்கள் அதனை லட்சக்கணக்கில் செய்தன. நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர் கொள்ளளவு, 60 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் எஞ்சின் அதில் இருந்தது. போர்க்களத்தில் ஒரு சிப்பாய் ஒரு பெட்டிக் கருவிகளைக் கொண்டே பழுது பார்க்க வேண்டும் என்னும் கருத்தோடு அது அமைக்கப்பட்டது. தகடுகள் தட்டையானவை, மரைகள் கைக்கு எட்டுபவை, அடிச்சட்டம் தனி, மேல்கூடு தனி.

நம் நாட்டில் 1945-ல் தொடங்கி, 1948-ல் மகிந்திரா அண்டு மகிந்திரா எனப் பெயர் மாறிய நிறுவனம், வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து 1947 முதல் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. பிற்காலத்தில் வந்த உயர்ந்த முகப்புடைய சி.ஜே.3பி என்னும் வகையே நம்மவர் நன்கறிந்த ஜீப்பாகும். அதன் முகப்பு உயர்ந்ததற்குக் காரணம் அழகன்று. உள்ளே செல்லும் வால்வுகளை எஞ்சினின் தலைப்பகுதியிலும், வெளியேற்றும் வால்வுகளைக் கட்டையிலும் அமைத்த புதிய எஞ்சின் முந்தையதைவிட உயரமாக இருந்தது. அதை மூட உயர்ந்த மூடி வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 1968-ல் அவ்வகை நின்ற பின்னரும் இந்தியாவில் அதன் வழித்தோன்றல்கள் பல்லாண்டு காலம் தொடர்ந்தன. பெட்ரோல் விலை ஏறிய பின்னர் டீசல் எஞ்சின்கள் இடம்பெற்றன.

இராணுவத்தில் ஜோங்கா என்னும் வேறொரு வண்டியும் இருந்தது. ஜப்பானிய நிஸான் நிறுவனத்தின் வடிவமைப்பில் ஜபல்பூரில் செய்யப்பட்ட அவ்வண்டியில் ஆறு சிலிண்டர்களுடன் ஏறத்தாழ 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. படையிலிருந்து கழிக்கப்பட்ட ஜீப்புகளும் ஜோங்காக்களும் ஏலத்தின் வழியே மலைத்தோட்டங்களுக்கும் பண்ணைகளுக்கும் வந்து சேர்ந்தன.

ஒரு சிறு குறிப்பு இங்கே தேவை. பழைய ஜீப்பின் மரைகள் அங்குலக் கணக்கில் அமைந்தவை. ஜோங்காவின் மரைகள் மில்லிமீட்டர்க் கணக்கில் அமைந்தவை. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றுவதைப் பலவந்தமாக முடுக்கினால் மரை அழிந்து போகும். சில பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகள் வலஞ்சுழியாகக் கழல்பவை. இதை அறியாது வழக்கம்போல் கழற்ற முயன்று போல்ட்டையே முறித்தவர் உண்டு. ஸ்பானரை எடுக்குமுன் மரையைப் பார்க்க வேண்டும்.

காகிதம் முதலில்

வண்டியைப் பிரிக்குமுன் அதன் காகிதங்களைப் பிரித்துப் பார்ப்பது நன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சொந்த உபயோகத்திற்குரிய வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக் கொள்ளலாம். சரக்கு வண்டியாகப் பதிவானதற்கு, எட்டு ஆண்டுகள் கடந்தபின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். பழைய வண்டிகளுக்கான கட்டணங்கள் 2022-லும் பின்னர் 2025-லும் உயர்த்தப்பட்டுள்ளமையால், செலவுக் கணக்குப் போடுமுன் தங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக் கொள்வது அவசியம். பதிவுச் சான்றிலுள்ள எஞ்சின் எண்ணும் அடிச்சட்ட எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒத்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒத்திராத வண்டியில் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் ஆற்றில் கரைத்த புளியே.

மற்றொன்றும் நினைவில் வைக்கத்தக்கது. அரசுத் துறைகளுக்குச் சொந்தமான, 15 ஆண்டு கடந்த வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. போருக்குரிய சிறப்பு வாகனங்கள் போன்றவை நீங்கலாக, அவை உடைப்புக்கே செல்ல வேண்டும். ஆகவே, பழைய நாளைப் போல அரசு ஏலத்தில் மலிவாக வண்டி எடுத்து ஓட்டலாம் என்று எண்ணியிருத்தல் கூடாது. கையில் உள்ள வண்டியே இனி அருமையான வண்டி. அதனைக் காப்பாற்றிக் கொள்வதில்தான் புத்திசாலித்தனம் இருக்கிறது.

நிறுத்தும் உறுப்புகள்

வரிசை என்று மேலே கூறினோம். அவ்வரிசை இது: முதலில் நிறுத்துவது, அடுத்துத் திருப்புவது, அடுத்துத் தாங்குவது, அடுத்து இழுப்பது, கடைசியில் அலங்கரிப்பது. நடைமுறையிலோ பெரும்பாலோர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். முதலில் வண்ணம் அடிக்கின்றனர். பெரிய டயர் பூட்டுகின்றனர். பிறகு எஞ்சினை முறுக்குகின்றனர். பிரேக்கு மட்டும் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று நின்றுவிடுகிறது. பாவில் இழை அறுந்தால், அறுந்த இடத்தை முடிந்த பிறகல்லவா நாம் நாடாவை ஓட்டுகிறோம்? வண்டியிலும் அவ்வாறே.

பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்க் குழாய்க் கட்டுத்தான் உண்டு. பின்னாளைய வண்டிகளில் இரண்டு தனித்தனிக் கட்டுகள் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். ஜீப்பில் அத்தகைய காப்பு இல்லை. முப்பது ஆண்டு பழமையான ஓர் இரும்புக் குழாய் துருவேறி எங்கேனும் ஓரிடத்தில் வெடித்தால், நான்கு சக்கரங்களிலும் பிரேக்கு ஒரே கணத்தில் போய்விடும். நிறைந்த சுமையோடு சரிவில் இறங்கும்போது அது நேர்ந்தால் என்னாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. எனவே, குழாய்களையும், சக்கரத்தருகே உள்ள ரப்பர்க் குழல்களையும், சிலிண்டர்களின் ரப்பர் வளையங்களையும் சந்தேகமின்றிப் புதிதாக மாற்றிவிட வேண்டும். இவை விலை குறைந்தவை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் புதியவை கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய உறுப்புகள் மலிவாகக் கிடைக்குமாயினும், பிரேக்கு உறுப்புகளை மட்டும் பழையதாக வாங்கலாகாது.

பிரேக்கில் பிரேக்கு எண்ணெயைத் தவிர வேறெந்த எண்ணெயையும் ஊற்றக் கூடாது. எஞ்சின் எண்ணெய் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் ஊதிப் போகும். பிரேக்கு எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் ஆவியாகி, மிதிகட்டை பஞ்சுபோல் அமுங்கும். ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றுதல் நலம். காற்றை நீக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து, அதாவது நம் நாட்டு வண்டியில் பின் இடதுசக்கரத்திலிருந்து, தொடங்க வேண்டும். ஒருவர் மிதிக்க, மற்றவர் திருகைத் திறந்து குமிழிகள் வெளியேறியதும் மூட வேண்டும். மூடிய பின்னரே மிதியைத் தளர்த்த வேண்டும். வேலை முடிந்ததும் மிதிகட்டையை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அது மெல்லக் கீழிறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. அவ்வண்டி தெருவுக்கு வரலாகாது.

டிரம்மைத் திறக்கும்போது உள்ளே படிந்துள்ள தூசியை வாயால் ஊதவோ, காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. பழைய பிரேக்குப் பட்டைகளில் கல்நார் கலந்திருக்கக் கூடும். அதன் நுண்ணிய தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைக் கட்டி எறிந்துவிட வேண்டும். குழந்தைகளை அருகே விடாதிருக்க வேண்டும்.

வண்டியின் அடியில் செல்லுமுன்

பல வகை ஜீப்புகளில் கைப்பிரேக்கு சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னுள்ள சுழல்தண்டைத்தான் அது பிடிக்கிறது. இதன் விளைவு யாதெனில், ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கிய மாத்திரத்தில் கைப்பிரேக்கு பயனற்றுப் போகிறது. தண்டு பிடிபட்டிருந்தாலும், தூக்கிய சக்கரம் ஒரு திசையில் சுழல, தரையிலுள்ள சக்கரம் மறு திசையில் உருண்டுவிடும். இதை அறியாமல், கைப்பிரேக்கு போட்டிருக்கிறோமே என்னும் நம்பிக்கையில் அடியில் படுப்பது பேராபத்து.

ஆதலால், தரையிலிருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கனமான கட்டைகளை அண்டைக் கொடுக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே உரியது; தாங்குவதற்கு இரும்பு முக்காலிகளைச் சட்டத்தின் கீழ் வைக்க வேண்டும். செங்கல் அடுக்கின்மேலும், மழையில் நெகிழ்ந்த மண்தரையின்மேலும் வண்டியை ஏற்றி வைத்துவிட்டு அடியில் செல்லாதீர்கள். தனியாக வேலை செய்யாதீர்கள். குரல் கேட்கும் தொலைவில் இன்னொருவர் இருக்கட்டும்.

திருப்புவதும் தாங்குவதும்

ஸ்டீயரிங்கைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் சக்கரத் தாங்கியிலோ கிங்பின்னிலோ தேய்மானம் உண்டு. இவ்விரண்டில் எது என்று அறிய எளிய வழி உண்டு: வேறொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள். ஆட்டம் நின்றால் குறை சக்கரத் தாங்கியில், நில்லாவிடில் கிங்பின்னில். இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால் டை ராடு முனைகளைப் பார்க்க வேண்டும். இவற்றின் தேய்மானமே ஓடும் வண்டியின் முன்சக்கரங்கள் திடீரென்று நடுங்குவதற்குக் காரணம். பெரிய டயர்கள் அந்நடுக்கத்தைக் கூட்டும்.

அடிச்சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிக் கொண்டே போனால், கெட்டியான இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருத் தின்ற இடம் மொத்தென்று ஒலிக்கும். ஸ்பிரிங் பட்டைகள் பிணையும் இடங்களிலும், சேறு தங்கும் மூலைகளிலும் கூர்ந்து பார்க்க வேண்டும். தரைத் தகட்டை வெட்டி ஒட்டும் வேலையை வெல்டிங் தெரிந்தவர் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் ஆக்ஸில், ஸ்டீயரிங் கம்பிகள் ஆகியவற்றில் வீட்டு வெல்டிங் கூடவே கூடாது; அவை மாற்ற வேண்டியவை. வெல்டிங் தொடங்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் தொட்டியை இறக்கித் தொலைவில் வைக்க வேண்டும். காலித் தொட்டிதானே என்று அசட்டையாக இருக்கலாகாது. நிறைந்த தொட்டியைவிட ஆவி நிறைந்த காலித் தொட்டியே வெடிக்க வல்லது.

எஞ்சின்

எஞ்சின் வலுவிழந்ததாகத் தோன்றியதும் அதைக் கழற்ற முற்படுவது பெருஞ்செலவுக்கு அடிகோலுவதாகும். பெட்ரோல் எஞ்சினாயின், முதலில் ஒவ்வொரு சிலிண்டரிலும் அமுக்க அளவைப் பாருங்கள். எல்லாம் ஏறத்தாழச் சமமாக இருந்தால் குறை பெரும்பாலும் கார்புரேட்டரிலோ பொறி உண்டாக்கும் பகுதியிலோ இருக்கும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் ஊற்றி மறுபடி அளக்க வேண்டும். அளவு உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தவை. உயராவிடில் வால்வு சரியாக மூடவில்லை. இந்த ஒரு சோதனை, தலைப்பகுதியை மட்டும் கழற்றினால் போதுமா, எஞ்சின் முழுவதையும் இறக்க வேண்டுமா என்பதைச் சொல்லிவிடும்.

இன்றைய பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை கலந்து வருகிறது. பழைய கார்புரேட்டர் வண்டிகள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பழைய ரப்பர்க் குழல்களையும் அடைப்பு வளையங்களையும் நெகிழச் செய்யும், ஈரத்தையும் ஈர்க்கும். எனவே எத்தனாலுக்கு ஏற்ற குழல்களை மாட்டிக் கொள்ள வேண்டும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதானால் தொட்டியிலும் கார்புரேட்டரிலும் பெட்ரோலை விட்டு வைக்கலாகாது.

டீசல் எஞ்சினில் வடிகட்டிகளை மாற்றுவதும், நீரை வடித்து விடுவதும், குழாயிலுள்ள காற்றை நீக்குவதும் வீட்டு வேலைகள். பம்பையும் நாஸில்களையும் அதற்குரிய சோதனை மேடை உள்ள பட்டறையிலேயே சரிபார்க்க வேண்டும். நாஸிலிலிருந்து பீச்சும் டீசல் தோலையும் துளைத்து உட்செல்லும் வேகமுடையது. கையை நீட்டிச் சோதிப்பதை அறவே விட வேண்டும். சிலிண்டர் குடைதல், கிராங்க் தண்டு கடைதல் ஆகியவை லேத் பட்டறைக்கு உரியன. அம்பத்தூர்ப் பகுதியில் அவ்வேலை அறிந்தோர் பலர் உளர்.

நாற்சக்கர இழுப்பு

நான்கு சக்கரங்களையும் இழுக்கச் செய்யும் பெட்டியைச் சேற்றிலும் மணலிலும் வழுக்குப் பாதையிலும் மட்டுமே பூட்ட வேண்டும். வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. பழைய ஜீப்பில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே அவ்வேற்றுமையை ஏற்றுக் கொள்ளும் அமைப்பு இல்லை. சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி அது சரியாகிவிடும். உலர்ந்த தார்ச்சாலையிலோ, முறுக்கு முழுவதும் பற்சக்கரங்களின் மேல் விழும், டயர் தேயும், தண்டு முறியவும் கூடும்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையின் புறநகர்கள் வெள்ளத்தில் ஆழ்ந்தன. அத்தகைய நீரில் ஓடிய வண்டியின் ஆக்ஸில் எண்ணெயைச் சிறிது வடித்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது. உடனே எண்ணெயை மாற்றினால் செலவு சிலநூறு ரூபாய். விட்டுவிட்டால் பற்சக்கரங்களும் தாங்கிகளும் துருவேறிச் செலவு பல மடங்காகும்.

மாற்றியமைத்தல்

இனி, மாற்றங்களைப் பற்றிக் கூறுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பினின்றும் பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றலாகாது என்று விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இக்கருத்தை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தின்படி, அனுமதியின்றிச் செய்த ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முன்புறம் பூட்டும் கனத்த இரும்புத் தடுப்புகளும் விதிக்கு முரணானவை என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியுள்ளது.

இவ்விதிகளைத் தொல்லை என்று கருதுவோர், அவற்றின் காரணத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். வண்டியை உயர்த்தினால் பாரத்தின் மையமும் உயர்கிறது. சரிவில் கவிழும் தன்மை கூடுகிறது. ஜீப்பின் அகலமோ குறைவு. பெரிய டயர் பூட்டினால், அதே பிரேக்கு அதிக எடையுள்ள, அதிக விட்டமுள்ள சக்கரத்தை நிறுத்த வேண்டியதாகிறது. வேகமானியும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஆற்றல் மிக்க வேறு எஞ்சின் வைத்தால் கியர்ப்பெட்டியும் ஆக்ஸிலும் அதற்கு ஈடுகொடுப்பதில்லை. சரக்குத் தட்டின் பக்கப் பலகைகளை உயர்த்தினால் சுமை தானாகவே அளவு மீறுகிறது. விபத்து நேர்ந்த பின், வண்டி பதிவுப்படி இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் வழக்காடினால், நஷ்டம் முழுவதும் குடும்பத்தின் தலையில் விழவும் கூடும். நிலத்தையோ தறியையோ விற்றுத்தான் அதனைத் தீர்க்க நேரும்.

எஞ்சினையே மாற்ற வேண்டிய நிலை வந்தால், அதே வகை எஞ்சினைத் தேடி, போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற்று, புதிய எண்ணைப் பதிவுச் சான்றில் ஏற்றிக் கொள்ள வேண்டும். வண்டியின் அமைப்பைத் தொடாமலே பயன்தரும் சீர்திருத்தங்களும் பல உண்டு: நைந்த மின்கம்பிகளை அகற்றி, ஒவ்வோர் இணைப்புக்கும் ஃப்யூஸ் வைத்தல், அடித்தகட்டில் துருத் தடுக்கும் பூச்சு இடுதல், சரக்குத் தட்டில் கயிறு கட்ட வளையங்கள் அமைத்தல், தீயணைக்கும் கருவி ஒன்றை ஓட்டுநர் கைக்கு எட்டும்படி மாட்டுதல். இவை கண்ணைப் பறிப்பவை அல்ல. எனினும் நடுவழியில் வண்டி நிற்பதையும் தீப்பற்றுவதையும் தடுப்பவை இவையே.

கூடிச் செய்யும் வேலை

ஒரு ஜீப்பை முறையாகச் செப்பனிட வேண்டிய கருவிகள் யாவும் ஒரு குடும்பம் தனித்து வாங்கத்தக்கவை அல்ல. நல்ல ஜாக்கி இரண்டு, முக்காலிகள் நான்கு, முறுக்கின் அளவு காட்டும் ஸ்பானர், தாங்கிகளை இழுக்கும் கருவி, அமுக்கமானி, எஞ்சினை இறக்கும் சங்கிலிக் கப்பி, வண்டி வகைக்குரிய பழுதுபார்க்கும் கையேடு ஆகியன ஆண்டில் சில நாட்களே பயன்படும். எஞ்சிய நாட்களில் வீட்டு மூலையில் துருவேறும். அவ்வட்டாரத்தில் பழைய வண்டி வைத்திருக்கும் ஐந்தாறு அங்கத்தினர் கூடி இவற்றைப் பொதுவில் வாங்கிக் கொண்டு, யார் எடுத்தார், என்று திருப்பினார் என்று ஒரு பதிவேடு வைத்துக் கொண்டால், ஒவ்வொருவர் பங்கும் சிறிதாகும். உறுப்புகளைச் சேர்த்து வாங்கும்போது விலையும் இறங்கும்.

கருவியினும் அரியது அனுபவம். ஆவடித் தொழிற்சாலைகளிலும் படைப் பட்டறைகளிலும் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்ற தொழிலாளர் இச்சுற்றுப்புறத்தில் பலர் வாழ்கின்றனர். அளந்து பார்த்த பின்னரே மாற்றுவது என்னும் பழக்கம் அவர்கள் கையில் ஊறியது. மாதம் ஒருமுறை அத்தகைய பெரியவர் ஒருவரை அழைத்து, நம் இளைஞர்களைப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு வண்டியின் பிரேக்கைத் திறந்து மூடச் செய்தால் போதும். நான்கு மாதத்தில் ஊருக்கு நான்கு பேர் வேலை கற்றுவிடுவர். அவர்கள் உழைப்புக்கு உரிய மரியாதையும் சன்மானமும் அளிக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வரும் மழைக்காலத்திற்கு முன், வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு காரியம் மட்டும் செய்ய வேண்டுகிறோம். வண்ணத்தையும் டயரையும் பற்றிய எண்ணத்தை ஒத்தி வைத்து, நான்கு சக்கரங்களின் பிரேக்குக் குழாய்களையும் ஒரு நாள் நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். துருவேறியது ஒன்று கண்ணில் பட்டாலும் அதை மாற்றிய பின்னரே வண்டியில் சுமை ஏற்றுங்கள்.